பூசணத்துக்கு மருந்து பெயிண்ட் இல்லை

மார்கழி பாதி ஓடிவிட்டது. மழை ஓய்ந்து சம்பா பால் பிடித்து நிற்கிறது. வயலில் பெரிய வேலை இல்லாத இந்த நாட்களில்தான் எங்க ஊர்க்காரங்க பொங்கலுக்கு வீட்டைப் பார்க்க ஆரம்பிப்பாங்க. நேற்று டவுனுக்குப் போனப்ப, பெயிண்ட் கடை வாசலில் எங்க ஊர் ஆட்கள் மட்டும் நாலு பேர். நாலு வீட்டிலும் ஒரே கதை. வடக்குச் சுவரில் கறுப்பு கறுப்பாகப் புள்ளி, பீரோவுக்குப் பின்னால் பச்சையாகப் பூசணம், பாத்ரூமை ஒட்டிய சுவரில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு நிற்குது. "புதுசா ஒரு கோட்டிங் அடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

சரியாப் போகாது. மூன்று வருஷம் அதையே செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஈரச் சுவரில் பெயிண்ட் அடிப்பது, ஈர நெல்லை மூட்டையில் கட்டிவிட்டு மேலே புதுச் சாக்கைப் போர்த்துவது மாதிரி. வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே நடக்கிறது நடந்துகொண்டேதான் இருக்கும்.

எங்க கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2013-ல் தளம் போட்ட வீடு கட்டினோம். வடக்குப் பக்கம் பாத்ரூமோடு சேர்ந்த அறை அம்மாவுக்கு. ராத்திரி நேரத்தில் கொல்லைக்குப் போய் வழுக்கி விழக் கூடாது என்று ஆசையாகக் கட்டிய அறை அது. பெயிண்ட் அடிக்கிற சமயத்தில் அம்மா கேட்டது: "ஏம்ப்பா, சுண்ணாம்பு அடிச்சாப் போதாதா?" நான் காதில் போட்டுக்கலை. சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், பழைய வீடு மாதிரி இருக்கும், சம்பந்தி வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். வெளிர் ரோஸ் கலரில் பளபளவென்று எமல்ஷன் அடித்தோம்.

முதல் இரண்டு மழைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது ஐப்பசியில் கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்தது. ரோஸ் கலரில் கறுப்பு பூத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு அம்மாவுக்கு இருமல். மழை ஆரம்பித்தால் வரும், மாசி வெயிலில் போகும். வயசாயிடுச்சு, பனி ஒத்துக்கலை என்று நாங்களே ஒரு காரணம் வைத்துக்கொண்டோம். டாக்டர் "வீசிங்" என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "படுக்கிற ரூம்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "லேசா இருக்கு சார்" என்றேன். லேசா! ஒரு பக்கச் சுவரே கறுத்துக் கிடந்தது.

உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஈரமும் பூஞ்சையும் பற்றி 2009-ல் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. ஈரம் கோத்த வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொந்தரவு கூடும் என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்த பிறகுதான் டாக்டர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு உறைத்தது.

அந்த மூன்று வருஷமும் நான் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். முதல் வருஷம் சுரண்டிவிட்டு அதே பெயிண்ட். அடுத்த வருஷம் பூஞ்சை பிடிக்காது என்று விற்கிற விலை கூடின பெயிண்ட். மூன்றாம் வருஷம் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குலை நோய்க்கு வாங்கி மிச்சமிருந்த மருந்தைத் தெளிப்பானில் கலந்து சுவரில் அடித்தேன். பூஞ்சைக்கு அடிக்கிற மருந்துதானே, பயிர் என்ன சுவர் என்ன என்று நினைப்பு. அம்மாவால் ஒரு வாரம் அந்த அறைக்குள் போக முடியவில்லை. ஹாலில்தான் படுத்துக்கொண்டது. வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பாவில் எந்தப் பயிருக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். படுக்கிற அறைச் சுவருக்கு இவ்வளவு என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது. தயவுசெய்து யாரும் அந்த வேலையைச் செய்யாதீங்க.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூஞ்சையைப் பற்றி நமக்குத் தெரியாததா? நெல்லில் குலை நோய் எப்ப வரும்? மேகமூட்டம், பனி, தூறல் என்று இலை காயாமல் கிடக்கிற நாட்களில் வரும். நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முதலில் வரும். அதனால்தான் பட்டம் விட்டு நடுகிறோம், காற்றுப் போக இடம் விடுகிறோம். மருந்து அடிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம்தான் கணக்கு. அதைத் தாண்டினால் நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு நிற்கிறோம், தளர்வு கேட்டு மனு எழுதுகிறோம். விதை நெல் என்றால் பல்லில் கடித்துப் பார்த்து, 'நறுக்'கென்று சத்தம் வந்தால்தான் பத்திரப்படுத்துகிறோம். நெல்லுக்கு இத்தனை ஈரக் கணக்குப் பார்க்கிற நான், அம்மா தலைமாட்டில் இருக்கிற சுவர் காய்ந்திருக்கிறதா என்று ஒரு நாள் கையை வைத்துப் பார்க்கவில்லை.

பூசணத்தின் வித்துகள் காற்றில் எப்பவும் இருக்கும். அதை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. தின்பதற்கும் அதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். சுவரில் படிந்த தூசி, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, பெயிண்டில் இருக்கிற பசை, இதெல்லாமே போதும். நம்மால் நிறுத்த முடிந்தது ஒன்றுதான், அது ஈரம். சுவரை ஒட்டின காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றாலே பூசணம் முளைக்கும். அடைமழைக் காலத்தில் எங்க டெல்டாவில் அது தினசரி சமாச்சாரம்.

எனக்குக் கண் திறந்தது ஒரு பழைய கொத்தனாரால். மாட்டுக் கொட்டகைக்குத் தரை போட வந்தவர், தண்ணி கேட்டு உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். "தம்பி, பெயிண்ட மாத்துறத விடுங்க. தண்ணி எந்த வழியா வருதுன்னு பாருங்க. கீழேருந்து வரும், மேலேருந்து வரும், உள்ளேருந்தும் வரும். மூணுல எதுன்னு தெரியாம கைய வைக்கக் கூடாது" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன்.

கீழேயிருந்து வருவது ஓதம். செங்கல் மண்ணிலிருக்கிற ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி மேலே இழுக்கும். தரையிலிருந்து இரண்டடி மூன்றடி வரைக்கும் சுவர் கறுத்து, பூச்சு பொரிந்து உதிரும். கூடவே வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த வெள்ளையைப் பூசணம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உப்பு கரைந்துவிடும், பூசணம் கரையாது.

மேலேயிருந்து வருவது மழைத் தண்ணீர். தளத்தில் வெடிப்பு, கைப்பிடிச் சுவரில் கீறல், சன்ஷேடு இல்லாத ஜன்னல், சுவரிலேயே ஊற்றுகிற குட்டையான மழைநீர்க் குழாய், இவைதான் அதற்கு வழி. மேல் மூலையில் வட்டமாகவோ திட்டாகவோ கறுக்கும். மழை பெய்த மறுநாள் கூடும்.

உள்ளேயிருந்து வருவது நாமே உண்டாக்குகிற ஈரம். குளிக்கிற ஆவி, சமையல் ஆவி, மழைக்கு அறைக்குள்ளேயே கொடி கட்டிப் போடுகிற ஈரத்துணி. ஐஸ் தண்ணி செம்பின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அது மாதிரி அறையிலேயே குளிர்ந்த சுவரில் அந்த ஆவி போய் உட்காரும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் வெயிலே படாது. அந்தச் சுவரை ஒட்டி பீரோவையும் கட்டிலையும் தள்ளி வைத்தால் காற்றும் படாது. பூசணம் எங்கே பூக்கும் என்று சோசியம் பார்க்க வேண்டியதே இல்லை.

எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சாண் சதுரத்துக்குப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்துக் காயவிட்டு, பாலித்தீன் தாளை வைத்து நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. பைசா செலவில்லை.

எங்க வீட்டில் மூன்றுமே இருந்தது. அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் இருக்கப் போட்ட காரைப் பட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் நான்தான் செம்பருத்தியும் மல்லியும் வைக்கிறேன் என்று சுவரை ஒட்டி மண்ணை அணைத்து, அந்தப் பட்டைக்கு மேலே வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தேன். அப்புறம் ஓதம் தடுக்கிற பட்டை எதற்கு? அந்தச் செடிகளுக்குத்தான் பாத்ரூம் தண்ணியும் போய்க்கொண்டிருந்தது. மழைநீர்க் குழாய் பாதிச் சுவரோடு முடிந்திருந்தது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டியே வைத்திருந்தோம்.

முதல் வேலையாகச் செடிகளைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தோம். மண்ணை வெட்டி, வீட்டுத் தரை மட்டத்துக்கு ஒரு அடி கீழே இறக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்தோம். பாத்ரூம் தண்ணீரைக் குழாயில் தென்னைக்குத் திருப்பினோம். மழைநீர்க் குழாயைத் தரை வரைக்கும் நீட்டினோம். பாத்ரூமுக்குச் சின்ன எக்ஸாஸ்ட் பேன். ஜன்னலுக்குக் கொசுவலை. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தோம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், மூன்று வருஷம் பெயிண்டுக்கும் கூலிக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

அப்புறம் கஷ்டமான வேலை, காத்திருப்பது. எமல்ஷனைச் சுரண்டி எடுத்து, கீழே மூன்றடிக்குப் பூச்சையும் கொத்திவிட்டு, மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் சுவரைச் செங்கல் தெரியத் திறந்து போட்டேன். "வர்றவங்க எல்லாம் வீடு இடிஞ்சு போச்சான்னு கேக்குறாங்க" என்று வீட்டில் தினமும் திட்டு. அந்த வெயிலில்தான் சுவர் காய்ந்தது. பிறகு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் கலந்து பூசி, அது நன்றாக இறுகிக் காய்ந்த பிறகு சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மூன்று தடவை அடித்தோம். அம்மா பத்து வருஷம் முன்னால் சொன்னதுக்குத்தான் வந்து நின்றோம்.

சுண்ணாம்பு ஏன் என்றால், நீற்றின சுண்ணாம்பு கடுமையான காரம். அதன் பி.எச். அளவு 12-ஐ ஒட்டி இருக்கும். அதில் பூசணம் முளைப்பது கஷ்டம். பெயிண்ட் மாதிரி சுவருக்கு மேலே தோல் போர்த்தாது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழி விடும். ஆனால் காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து இழுத்து நாளாவட்டத்தில் அதன் காரம் போய்விடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம்ம பெரியவர்கள் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் சுவருக்குத் திரும்பக் காரம் ஏற்றுகிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. பழைய ஓட்டு வீட்டிலும் ஓதம் இருந்தது, எலி இருந்தது, ஓட்டை மாற்றி மாற்றியே அப்பாவுக்கு முதுகு போனது. சுண்ணாம்பு கையில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்கணும். எமல்ஷனுக்கு மேலே அடித்தால் பிடிக்காது, உரிந்து வரும். அடிக்கிறபோது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். தளம் ஒழுகினால் சுண்ணாம்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. எங்க ஹாலில் இன்றைக்கும் எமல்ஷன்தான் இருக்கிறது. காய்ந்த சுவர், வெயில் படுகிற சுவர், அங்கே அது நன்றாகவே நிற்கிறது. பூஞ்சை தடுக்கிற பெயிண்டையும் ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஒழுகலை அடைத்து, சுவரைக் காயவைத்து, அதற்கப்புறம் பாத்ரூம் மேல் சுவரில் அடித்தால் கொஞ்ச வருஷம் காக்கும். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரம்தான் ஜெயிக்கும்.

ஏற்கெனவே பூத்திருப்பதைத் துடைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீங்க. வித்தெல்லாம் அறை முழுக்கப் பறக்கும். முதலில் நனைத்து, மூக்கு வாயை நல்ல மாஸ்க்கால் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுத்து, காயவிடுங்கள். குழந்தைகளையும் இளைப்பு இருப்பவர்களையும் அந்த நேரத்தில் அறையில் வைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள், பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடின அறையில் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, மழை பெய்கிறபோது ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். வெயில் தலை காட்டுகிற நேரம் பார்த்துத் திறங்கள், பேனைச் சுற்றவிடுங்கள்.

நம்ம வீட்டோடு முடியாத விஷயமும் இரண்டு இருக்கிறது.

ஒன்று, இப்ப கட்டுகிற வீடுகள். பழைய வீட்டில் தாழ்வாரம் சுவரைத் தாண்டி மூன்றடி நீட்டிக்கொண்டு இருக்கும். மழை சுவரில் படாது. இப்ப எலிவேஷன் அழகு என்று சொல்லி சன்ஷேடையே எடுத்துவிட்டு, பெட்டி மாதிரி கட்டுகிறார்கள். வருஷத்தில் இரண்டு மூன்று மாசம் அடைமழை பெய்கிற ஊரில் சுவரை மழையில் நனையவிட்டுவிட்டு, அதுக்கு வாட்டர்ப்ரூப் பெயிண்ட் தேடுகிறோம். வீடு கட்டப் போகிற தம்பிகள் பெயிண்ட் கலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சன்ஷேடு, எதிரெதிர் ஜன்னல், தரை உயரம், இந்த மூன்றையும் மேஸ்திரியிடம் முதலில் பேசுங்கள்.

இரண்டாவது, ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்க தெருவில் பாதி வீடு ரோட்டைவிடத் தாழ்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் முழுக்க வாசலில் வந்து நிற்கிறது. அந்த வீடுகளில் இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர் கார்த்திகை மார்கழியில் இருமுகிறார்கள் என்று ராத்திரியில் தெருவில் நடந்தாலே காதில் விழும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடச் சொல்லி ஜனவரி 26 கிராம சபையில் கேட்கப் போகிறேன். நம்ம தெருக்காரங்க கூட வந்து நின்றால் நல்லது. தனியாளாகக் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அம்மா இப்ப அதே அறையில்தான் படுக்கிறது. இருமல் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்த மழைக்கு உறிஞ்சுகிற மருந்தை நாலைந்து தடவைதான் எடுத்தது. முன்பெல்லாம் தினமும் வேண்டியிருக்கும். பாத்ரூம் கதவுக்கு மேலே ஒரு மூலையில் இந்த வருஷமும் ஒரு கையகலத்துக்குக் கறுத்திருக்கிறது. தளத்தில் ஏதோ மயிர்க் கோடு மாதிரி வெடிப்பு இருக்கணும். அறுப்பு முடிந்ததும் மேலே ஏறிப் பார்க்கணும். அதுவரைக்கும் அந்த இடத்தில் எதையும் அடிக்கப் போவதில்லை.

பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பெயிண்ட் வாளி வாங்குவதற்கு முன்னால் அந்தச் சுவரில் ஒரு பாலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்க. ஈரம் இருந்தால் மற்ற சுவர்களுக்கு மட்டும் அடித்துவிட்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பொங்கலுக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது "இதுக்கு ஏன் அடிக்கலை?" என்று கேட்டால், "காய வச்சிருக்கோம்" என்று சொன்னால் போதும். நெல் காயவைத்த சனங்கதானே எல்லாரும், புரிஞ்சுக்குவாங்க.